எங்கள் பகுதியில் புதிய சர்க்கரை ஆலை: கரும்பு முதலிலா, கட்டடம் முதலிலா?

பெண்ணையாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கே நீண்ட நாளாகப் படித்து வருகிறேன். இழை தொடங்குவது இதுவே முதல் முறை.

நாங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில், சாத்தனூர் அணையின் இடதுபுறக் கால்வாயை ஒட்டிய ஊர்களைச் சேர்ந்தவர்கள். அறுநூறு உழவர்கள் சேர்ந்து ஓர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறோம். நெல்லும் மணிலாவும் (நிலக்கடலை)தான் எங்கள் முதன்மைப் பயிர்கள். கரும்பு முன்பு நிறைய இருந்தது. இப்போது ஊருக்குப் பத்து இருபது ஏக்கர் தேறினால் அதிகம்.

எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு சென்று தொழில் செய்யும் இருவர் முதலீடு தர முன்வந்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு 2,500 டன் அரவைத் திறன் கொண்ட சர்க்கரை ஆலை, அதனுடன் கரும்புச் சக்கையை எரித்து இணை மின் உற்பத்தி, பின்னர் எத்தனால் வடிசாலை என்பது அவர்கள் திட்டம். ஆலைக்கு நாற்பது ஏக்கர் இடம் பார்த்திருக்கிறோம். அது போக, ஆலைக்குச் சொந்தமாக 2,000 ஏக்கரில் கரும்புத் தோட்டமும் வேண்டும் என்கிறார்கள். பிரேசிலில் அப்படித்தான் செய்கிறார்களாம்.

எங்கள் பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுவது நிற்க வேண்டும் என்ற ஆசையில்தான் இதில் இறங்கினேன். எதை முதலில் செய்வது, எங்கே சறுக்கும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரும்புக் கோட்டம் எழுதியது:

தம்பி, முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆலைகளில் கரும்புப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். கரும்பு உதவியாளராகச் சேர்ந்து, கரும்பு அலுவலராக ஓய்வு பெற்றேன். உங்கள் ஆர்வத்தைக் குறைக்க விருப்பம் இல்லை. ஆனால் அந்த 2,000 ஏக்கர் தோட்டத்தை இன்றே மறந்துவிடுங்கள்.

தமிழ்நாட்டின் நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் வந்தது. 1970இல் வரம்பு பாதியாகக் குறைக்கப்பட்டு, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் அளவு) என்றானது. நிறுவனமும் இதற்கு விலக்கல்ல. ஆலைக் கட்டடத்துக்கான இடத்துக்கு வேண்டுமானால் அரசிடம் தனி அனுமதி கேட்கலாம். ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயிர் வைக்கக் கேட்க முடியாது. மகாராஷ்டிராவில் ஒரு காலத்தில் தனியார் ஆலைகள் பெரும் பண்ணைகள் வைத்திருந்தன. அங்கும் 1961ஆம் ஆண்டின் உச்சவரம்புச் சட்டம் அவற்றை எடுத்துக்கொண்டது; அந்த நிலங்களை நிர்வகிக்க 1963இல் அரசே ஒரு கழகம் அமைத்தது. பிரேசில் கணக்கு இங்கே செல்லாது. நம் ஊரில் ஆலைக்குத் தோட்டம் என்றால் அது அடுத்தவர் வயல்தான். ஏக்கர் ஏக்கராக, வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்ய வேண்டும்.

அடுத்தது தூரம். ஆலை தொடங்க உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு 1998இல் அறிவித்துவிட்டது. ஆனால் 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை இன்னும் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு ஆலைகளுக்கு இடையே நேர்கோட்டில் 15 கிலோமீட்டராவது இருக்க வேண்டும். மாநிலம் விரும்பினால் கூட்டலாம். இந்திய நில அளவைத் துறையிடம் தூரச் சான்று வாங்க வேண்டும். ஒரு கோடி ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் ஆலை எழவில்லை என்றால் அது போய்விடும். உங்களுக்குப் பக்கத்தில் மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவு ஆலை இருக்கிறது. வரைபடத்தை விரித்து அளந்து பார்த்தீர்களா?

தூரம் சரியாக இருந்தாலும் இன்னொரு தடை உண்டு. உங்கள் ஊர்க் கரும்பு ஏற்கெனவே ஏதோ ஓர் ஆலையின் பகுதியாக ஒதுக்கப்பட்டிருக்கும். அதைப் பிரித்து உங்களுக்குக் கொடுக்க வேண்டியது மாநிலச் சர்க்கரைத் துறை. ஆலைகளே கரும்பு இல்லாமல் தவிக்கும்போது, ஒருவருக்கு ஒதுக்கியதை எடுத்து மற்றவருக்குக் கொடுப்பது எளிதில் நடக்காது.

சோகை எழுதியது:

நான் கரும்பு போட்டவன். இப்போது போடுவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து ஆலை ஒன்று (பெயர் வேண்டாம்) இரண்டு பருவங்களுக்கு உரிய பணத்தைத் தராமல் இழுத்தடித்தது. கரும்பு அனுப்பிய ரசீதுகளை என் மனைவி துணிப்பையில் முடிந்து பரணில் வைத்திருந்தாள். நகையை அடகு வைத்து மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினோம். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. சட்டத்தில் என்ன இருக்கிறது? கரும்பு ஒப்படைத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. அந்த வட்டியை நான் கண்ணால் பார்த்ததில்லை.

மூன்றாம் ஆண்டு மறுதாம்பை (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் கரும்பை) உழுது அழித்தேன். தழைத்து நின்ற பயிரின் மேல் டிராக்டரை விடுவது எப்படிப்பட்ட வேதனை என்று பயிர் வைத்தவனுக்குத்தான் தெரியும். இப்போது சவுக்கும் மரவள்ளியும் வைத்திருக்கிறேன். சவுக்கு வியாபாரி எடை போட்ட அன்றே கையில் பணம் வைக்கிறார்.

நீங்கள் எந்த நாட்டு இயந்திரம் வாங்கினாலும் சரி. உங்கள் ஆள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து பதிவுப் படிவத்தை நீட்டும்போது, பணம் என்றைக்கு வரும் என்று மட்டும்தான் கேட்பேன்.

கொதிகலன் எழுதியது:

ஆலைப் பொறியாளன் என்ற முறையில் என் பங்கு.

2,500 டன் ஆலை ஆண்டுக்கு 160 நாள் ஓடினால் 4 லட்சம் டன் கரும்பு வேண்டும். ஏக்கருக்கு 40 டன் என்று எடுத்துக்கொண்டால் ஆண்டுக்குப் பத்தாயிரம் ஏக்கர் அறுவடையாக வேண்டும். இந்தப் பத்தாயிரத்தை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

சர்க்கரை ஆலையை நெல் அரவை ஆலையைப் போல நினைத்த நேரத்தில் ஓட்டி, நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. கரும்பைப் பிழிந்த சக்கைதான் கொதிகலனுக்கு எரிபொருள். கரும்பு வராவிட்டால் சக்கை இல்லை; சக்கை இல்லாவிட்டால் நீராவி இல்லை; நீராவி இல்லாவிட்டால் சாறு தொட்டியிலேயே புளிக்கத் தொடங்கும். சுண்ணாம்பும் கந்தகப் புகையும் கொடுத்துத் தெளியவைத்த சாறு ஆவியாக்கிகளில் வற்றி, வெற்றிடக் கலனில் மணி பிடிக்கும் நேரத்தில் ஆலை நின்றால், அந்தக் கலனைச் சுத்தம் செய்து மீண்டும் ஓட்டுவதற்குள் ஒரு ஷிப்ட் போய்விடும். 2,500 டன் ஆலையை 1,200 டன்னில் ஓட்டினாலும் அதே ஆட்கள், ஏறக்குறைய அதே நீராவி இழப்பு, அதே வங்கித் தவணை.

வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் அரைபட வேண்டும். வெயிலில் கிடக்கக் கிடக்க எடையும் குறையும், உள்ளே இருக்கும் சர்க்கரையும் சிதையும். வாசலில் மூன்று நாள் லாரிகள் வரிசையில் நின்றால் உழவருக்கும் நட்டம், ஆலைக்கும் நட்டம். ஆகவே ஆலை வளாகத்தைத் திட்டமிடுவதற்கு முன்பு வெட்டு ஆணை முறையைத் திட்டமிடுங்கள். யார் வயலில் எந்தத் தேதியில் கத்தி இறங்குகிறது என்பதில்தான் ஆலையின் உயிர் இருக்கிறது.

தணிக்கை எழுதியது:

பத்தாயிரம் ஏக்கரோடு ரூபாயையும் சேர்த்துச் சுவரில் எழுத வேண்டும்.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த நியாயமான ஆதாய விலை (ஆலை உழவருக்குத் தர வேண்டிய குறைந்தபட்சக் கரும்பு விலை), 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு, அதாவது கரும்பு எடையில் அத்தனை சதவீதம் சர்க்கரை கிடைத்தால், டன்னுக்கு 3,550 ரூபாய். பிழிதிறன் 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் 3,290 ரூபாய் 50 காசு. தமிழ்நாட்டில் பெரும்பாலான ஆலைகள் இந்த இரண்டாம் வரிசையில்தான் நிற்கின்றன.

பிழிதிறன் 9 சதவீதம் என்றால் ஒரு டன் கரும்பில் 90 கிலோ சர்க்கரை கிடைக்கும். கிலோ 40 ரூபாய்க்கு விற்கிறது என்றே வைத்துக்கொள்வோம்: 3,600 ரூபாய். கரும்புக்கு 3,290 கொடுத்தபின் கையில் நிற்பது 310 ரூபாய். வண்டி வாடகை, சம்பளம், சாக்கு, பழுது பார்ப்பு, வங்கி வட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 2019இல் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச விற்பனை விலை கிலோவுக்கு 31 ரூபாய். அந்த விலைக்கு இறங்கினால் 2,790 ரூபாய்தான் வரும்; கரும்பு விலையையே கட்ட முடியாது.

ஆகவே சர்க்கரையை மட்டும் நம்பி ஆலை நடத்த இயலாது. டன்னுக்குச் சுமார் 300 கிலோ சக்கையும், 45 கிலோ கழிவுப்பாகும், 30 முதல் 40 கிலோ வரை வடிகட்டிய சேறும் கிடைக்கின்றன. மின்சாரம், எரிசாராயம், எரு என்று இவற்றைக் காசாக்கினால்தான் கணக்கு நேராகும். எத்தனாலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2023 டிசம்பரில், பருவம் ஓடிக்கொண்டிருந்தபோதே, கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசு திடீரெனத் தடை போட்டது. சில நாளில் கொஞ்சம் தளர்த்தியது. முழுவதும் விலக்கியது அடுத்த ஆண்டில்தான். அதற்குள் கடன் வாங்கி வடிசாலை கட்டியவர்கள் பட்ட பாடு சிறியதல்ல.

பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கரும்பை ஐந்தாறு மாதத்தில் வாங்கிவிடுகிறீர்கள். சர்க்கரையை ஆண்டு முழுவதும் விற்கிறீர்கள். எந்த மாதம் எவ்வளவு விற்கலாம் என்பதையும் மத்திய அரசே நிர்ணயிக்கிறது. 2,500 டன் அரைத்தால் கரும்புக்கு மட்டும் நாளொன்றுக்கு 82 லட்சம் ரூபாய் கடனாகிறது. பதினான்கு நாளில் பதினொன்றரைக் கோடி. கிடங்கில் மூட்டை நிறைந்திருக்கும், கையில் பணம் இருக்காது. சோகை அவர்களின் ரசீதுகள் பரணுக்குப் போனது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். உங்கள் முதலீட்டாளர்கள் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் பணம் ஒதுக்கியிருப்பார்கள். இந்த இடைவெளிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்?

பெண்ணையாற்றங்கரை எழுதியது:

தணிக்கை ஐயா, அந்தக் கேள்வியை நேற்றிரவு முதலீட்டாளர்களிடம் கேட்டேன். எதுவும் ஒதுக்கவில்லை. வங்கி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருக்கிறார்கள்.

சோகை அண்ணா, உங்கள் பதிவை எங்கள் இயக்குநர் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்தேன். ஐந்து பேரில் மூவருக்கு இதே அனுபவம் இருக்கிறது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

கோட்டம் ஐயா, தூரத்தை அளந்தோம். 15 கிலோமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. ஒதுக்கீட்டுப் பகுதி பற்றி நீங்கள் சொன்னதுதான் உண்மை. எங்கள் ஊர்கள் அனைத்தும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவை. கரும்பு இல்லாத புதிய ஊர்களில் பயிரை உருவாக்கினால் வழி உண்டா?

நீர்க்கணக்கு எழுதியது:

புதிய ஊர்களுக்குப் போவதற்கு முன்பு தண்ணீரைப் பார்ப்போம். நான் பாசனப் பொறியியல் படித்தவன். என் கவலை எப்போதும் இதுதான்.

கரும்புக்கு ஓர் ஆண்டில் ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் நீர் வேண்டும். ஏக்கருக்கு 80 லட்சம் லிட்டர். பத்தாயிரம் ஏக்கருக்கு 2.8 டி.எம்.சி. சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவே 7.3 டி.எம்.சி.தான். அணை நிரம்பினாலும் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்கும் பயிரை நீங்கள் கொண்டுவருகிறீர்கள். மழை கொடுப்பதைக் கழிக்கலாம் என்பது சரி. உங்கள் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி சில வாரங்களில் கொட்டித் தீர்த்து ஓடிவிடுகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூரிலிருந்து விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டதை நாம் மறக்கவில்லை. 2016-17 வறட்சியில் கிணறுகள் பாறை தெரிய வற்றியதையும் மறக்கவில்லை. கரும்பு பன்னிரண்டு மாதம் வயலில் நிற்கும் பயிர். இரண்டையும் அது தாங்க வேண்டும்.

2011-12இல் தமிழ்நாடு 23 லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை உற்பத்தி செய்தது. 2016-17 வறட்சிக்குப்பின் பத்து லட்சம் டன்னுக்கும் கீழே விழுந்தது. ஆலைகள் அப்படியேதான் நின்றன; தண்ணீர்தான் போயிற்று.

சொட்டு நீர் இல்லாமல் ஓர் ஏக்கரைக்கூடப் பதிவு செய்யாதீர்கள் என்பது என் கருத்து. சிறு, குறு உழவர்களுக்கு நூறு சதவீத மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் கிடைக்கிறது. சொட்டு நீரால் மூன்றில் ஒரு பங்கு நீர் மிச்சமாகும்; விளைச்சலும் கூடும். ஆனால் மிச்சமான தண்ணீரில் கூடுதலாகக் கரும்பு நடத் தொடங்கினால் நிலத்தடி நீருக்கு ஒரு பயனும் இல்லை. அதை ஊர்க் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

வெட்டுக்காரர் மகள் எழுதியது:

எல்லோரும் கரும்பைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் எழுதினீர்கள். வெட்டுகிறவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் எழுதுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஆண்டுதோறும் வெட்டுக்குப் போனவர்கள். புரட்டாசியில் மேஸ்திரி முன்பணம் கொடுப்பார். அந்தப் பணம் அப்போதே கடனுக்குப் போய்விடும். பிறகு சித்திரை வரை அதைக் கழிப்பதற்காக வெட்ட வேண்டும். சோகையால் வேய்ந்த குடிசை, பக்கத்து மோட்டாரில் குளியல். விடியும் முன்பே வயலில் இறங்கினால், தோகையின் அரம் போன்ற விளிம்பு கையையும் முகத்தையும் கீறிக்கொண்டே இருக்கும். ஓர் ஆள் நாளொன்றுக்கு ஒரு டன் வெட்டி, சோகை உரித்து, கட்டிச் சுமந்து லாரியில் ஏற்றுவதே பெரும்பாடு. என் தங்கை ஐந்தாம் வகுப்பை மூன்று ஊர்ப் பள்ளிகளில் படித்தாள், எதிலும் தேர்வு எழுதவில்லை.

கொதிகலன் சாரின் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 2,500 டன் என்றால் குறைந்தது 2,500 பேர் வெட்ட வேண்டும். அவர்கள் எங்கே தங்குவார்கள்? பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்? பெண்களுக்குக் கழிப்பறை எங்கே? ஆலை வரைபடத்தில் லாரி நிறுத்துமிடம் இருக்கும். எங்களுக்கு இடம் இருக்காது.

இயந்திரம் வந்துவிடும் என்பீர்கள், வரட்டும். அந்த வேலையை என் பிள்ளை செய்ய வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. ஆனால் சிறு வயல்களிலும் சாய்ந்த கரும்பிலும் இயந்திரம் இறங்காது. அங்கே எங்கள் ஆட்களைத்தான் கூப்பிடுவீர்கள். அப்போது கூலியை மேஸ்திரி கையில் கொடுக்காமல் ஆளாளுக்கு வங்கிக் கணக்கில் போடுங்கள். முன்பணத்துக்கு ரசீது கொடுங்கள்.

சோகை எழுதியது:

தங்கச்சி, நீங்கள் சொல்வது நெஞ்சில் தைக்கிறது. என் வயலிலும் அப்படித்தான் தங்கினார்கள். வெட்டுக்கூலி உழவன் தலையில் விழுகிறது. கரும்புப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போகிறது என்று நான் புலம்பியிருக்கிறேன். அந்தக் கூலியில் எவ்வளவு உங்கள் அப்பா கைக்கு வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வெல்லக்கொட்டகை எழுதியது:

ஈரோடு மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். ஏன் ஆலை என்று மட்டும் யோசிக்கிறீர்கள்? எங்கள் பக்கம் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் போகிறது. பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கும் அங்கிருந்து வாங்குகிறார்கள். ஒரு கொட்டகைக்கு ஐம்பது ஏக்கர் இருந்தால் ஓட்டலாம். பத்தாயிரம் ஏக்கர் தேவையில்லை, பதினைந்து கிலோமீட்டர் தேவையில்லை, பணம் வாரத்தில் கிடைக்கும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் கொட்டும் வேலை வேண்டாம். வெளுத்த வெல்லத்தைக் கேட்கும் வியாபாரியிடம் முடியாது என்று சொல்லுங்கள். கருத்த வெல்லத்துக்கு இன்று நகரத்தில் தனி விலை இருக்கிறது.

கொதிகலன் எழுதியது:

வெல்லத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அறுநூறு உழவரும் வெல்லம் காய்ச்சினால் அந்தச் சந்தை தாங்குமா? பொங்கலுக்கு முன் ஒரு விலை, மாசியில் பாதி விலை. ஆலைக்கு ஒரு பெரிய குணம் உண்டு. ஒப்பந்தத்தை மதிக்கும் ஆலையாக இருந்தால், விலையை அரசு அறிவித்த நாளிலேயே உழவருக்கு வரவு தெரிந்துவிடுகிறது. 2024-25 அரவைக்கு மாநில அரசு டன்னுக்கு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகையும் அறிவித்தது. கொட்டகைக்கு விற்றால் அது வராது.

வேறொரு யோசனை எனக்கு வலுவாகப் படுகிறது. மாநிலத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட ஆலைகள் உள்ளன. பல பாதித் திறனில் ஓடுகின்றன, சில மூடியே கிடக்கின்றன. அலங்காநல்லூரில் உள்ள கூட்டுறவு ஆலை 2019க்குப்பின் ஓடவில்லை. திறக்கச் சொல்லி உழவர்கள் எத்தனை முறை போராடியிருக்கிறார்கள்! இப்படி இரும்பு துருப்பிடித்துக் கிடக்கும்போது புதிதாக இரும்பு வாங்க ஏன் கடன் வாங்க வேண்டும்? உங்கள் முதலீட்டாளர்கள் கரும்பிலும், 14 நாள் பணத்திலும், வெட்டுக் குழுக்களின் குடியிருப்பிலும் காசைப் போடட்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஆலையுடன் அரவை ஒப்பந்தம் பேசுங்கள்.

கரும்புக் கோட்டம் எழுதியது:

கொதிகலன் சொல்வதில் எனக்கு முக்கால்வாசி உடன்பாடு. கூட்டுறவிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. மகாராஷ்டிராவின் பிரவராநகரில் விட்டல்ராவ் விகே பாட்டீல் உழவர்களிடம் ஊர் ஊராகப் பங்குத்தொகை திரட்டினார். பொருளியலாளர் தனஞ்செயராவ் காட்கில் உடன் நின்றார். 1950இன் இறுதியில் ஆலை அரைக்கத் தொடங்கியது. நம் பக்கம் உடுமலைப்பேட்டையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவு ஆலை எழுந்தது. அங்கும் உழவர்கள்தான் பங்குதாரர்கள்.

இப்போது பயிருக்கு வருகிறேன். கேட்டவர் புதிய ஊர்களில் பயிரை உருவாக்க முடியுமா என்றார். முடியும், ஆனால் காலண்டரைப் பாருங்கள்.

விதைக்கரும்பு ஏழெட்டு மாதத்தில் வெட்டப்படுகிறது. வழக்கமான கரணை (கரும்புத் துண்டு) நடவில் ஓர் ஏக்கர் விதைப்பயிர் ஏறக்குறைய எட்டு ஏக்கருக்குப் போதும். பத்தாயிரம் ஏக்கர் வேண்டுமென்றால் அதற்கு முன் 1,250 ஏக்கர் விதைப்பயிர். அதற்கு முன் 150 ஏக்கருக்குச் சற்று அதிகம். ஆக, மூன்று நடவுகள். ஒருபருக் கரணை நாற்று முறையில் (ஒரே மொட்டுள்ள துண்டை நாற்றாக வளர்த்து நடுவது) போனால் இன்னும் விரைவாகப் பெருக்கலாம். ஐந்தடி வரிசையில் ஏக்கருக்கு 5,000 நாற்றுகள் போதும், பிற்பாடு இயந்திரம் இறங்கவும் அந்த இடைவெளி உதவும். எப்படிப் பெருக்கினாலும் முதல் கரணை சுத்தமாக இருக்க வேண்டும். 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணி நேரம் காற்றுக் கலந்த நீராவியில் நேர்த்தி செய்த விதையிலிருந்து தொடங்குங்கள். புல்தண்டு நோய், கரிப்பூட்டை என்ற கரும்பு நோய்களை அங்கேயே தடுக்கலாம்.

ரகத்தில் பேராசை வேண்டாம். கோ 86032 நம் மண்ணுக்குப் பழகிய பிள்ளை. மறுதாம்பும் நன்றாக வரும். ஆனால் அதை மட்டும் நட்டுவிட்டுப் பருவத் தொடக்கத்தில் அரைத்தால் முதிராத கரும்பைத்தான் அரைப்பீர்கள். முன்கூட்டி முதிரும் ரகமாகக் கோ 11015 போன்ற ஒன்றை ஒரு பங்கு வையுங்கள். ஒரே ரகத்தை நம்பியவர்கள் கெட்ட கதையை நான் நேரில் பார்த்தவன். கடலூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த கோக 671, சர்க்கரைச் சத்தில் அரசன். எல்லோரும் அதையே நட்டார்கள். செவ்வழுகல் என்ற பூஞ்சை நோய் வந்தது. தண்டைப் பிளந்தால் உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டுகள் தெரியும். புளித்த சாராய வாடை அடிக்கும். அந்த வாடை இன்னும் என் நினைவில் இருக்கிறது. பின்னாளில் வடக்கே உத்தரப் பிரதேசத்தில் கோ 0238க்கும் அதே கதிதான். அது மாநிலத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்திருந்த நேரத்தில் செவ்வழுகல் தாக்கியது.

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912இலிருந்து இருக்கிறது. அவர்களிடம் போங்கள். தனியார் நாற்றங்காலில் மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத நாற்றை வாங்காதீர்கள்.

பெண்ணையாற்றங்கரை எழுதியது:

மூன்று வாரம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். ஊர் ஊராகக் கூட்டம் போட்டோம். இந்த இழையை அச்செடுத்துக் கொடுத்தோம்.

முடிவுகளைச் சொல்கிறேன். புதிய ஆலைக்கு இப்போது விண்ணப்பிக்கவில்லை. முதலீட்டாளர்களில் ஒருவர் விலகிவிட்டார். மற்றவர் இருக்கிறார், அவருடைய பணத்தில் பெரும்பகுதியைத் தனி வங்கிக் கணக்கில் வைக்கச் சம்மதித்திருக்கிறார். எங்கள் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும் ஆலையுடன் பேச்சு தொடங்கியிருக்கிறது. ஆலை தாமதித்தாலும், கரும்பு போன பதினான்காம் நாள் நிறுவனம் உழவருக்குப் பணம் கொடுத்துவிடும். பிறகு ஆலையிடம் வாங்கிக்கொள்ளும். இந்த ஏற்பாட்டை 500 ஏக்கரோடு சோதிப்போம். தணிக்கை ஐயாவின் கணக்குப்படி 500 ஏக்கர், 20,000 டன், ஏறக்குறைய ஆறரைக் கோடி. ஒரே நேரத்தில் அவ்வளவும் நிலுவையாகாது என்பதால் எங்கள் கைக்கு அடங்கும் என்று நம்புகிறோம்.

சொட்டு நீர் கட்டாயம். கரும்பு வைக்கும் ஒவ்வொருவரும் தம் நிலத்தில் பாதிக்கு மேல் வைக்கக் கூடாது என்று இரண்டு ஊர்களில் தீர்மானம் போட்டார்கள். மூன்றாவது ஊரில் சண்டை வந்தது. அந்த ஊரை விட்டுவிட்டோம்.

வெட்டுக்காரர் மகள் அக்கா, பயன்படாமல் கிடக்கும் பழைய நெற்களம் ஒன்றில் குடியிருப்பு கட்ட இடம் ஒதுக்கியிருக்கிறோம். தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, மின்விளக்கு என எழுதியிருக்கிறோம். வேறென்ன வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கோட்டம் ஐயா, முதலில் பத்து ஏக்கரில் விதைப்பயிர் வைக்கிறோம். அதற்கு மூன்று வயல்களைக் குறித்திருக்கிறோம். ஒன்று ஏரிக்குக் கீழே, களிமண். ஒன்று மணிலா விளைந்த செம்மண், கிணற்றுப் பாசனம். ஒன்றில் போன ஆண்டுவரை மறுதாம்பு இருந்தது. எதை எடுப்பது?

வெட்டுக்காரர் மகள் எழுதியது:

கதவுக்கு உள்தாழ்ப்பாள் வையுங்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுங்கள். வெட்டுக்கு வரும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும்படி உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஐப்பசிக்கு முன்பே பேசிவிடுங்கள். வந்த பிறகு பேசினால் பாதிப் பருவம் போய்விடும்.

சோகை எழுதியது:

நான் வேறு மாவட்டம். உங்கள் 500 ஏக்கரில் சேர முடியாது. ஆனால் முதல் பதினான்காம் நாள் என்ன நடந்தது என்று இங்கே எழுதுங்கள். தேதியோடு எழுதுங்கள்.

கரும்புக் கோட்டம் எழுதியது:

மறுதாம்பு இருந்த வயல் வேண்டாம். பழைய கட்டையிலிருந்து முளைப்பது விதையோடு கலந்துவிடும், நோயும் மண்ணில் தங்கியிருக்கும். ஏரிக்குக் கீழே களிமண்ணில் தண்ணீர் தேங்கும். செவ்வழுகலுக்கு அது வாசல் திறப்பதுபோல. மணிலா விளைந்த செம்மண்ணே சரி. முதலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, மண் மாதிரியோடு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். உவர் எவ்வளவு என்று முடிவு வந்ததும் எழுதுங்கள். தை பிறப்பதற்குள் நட்டுவிட வேண்டும் என்பதால் இந்த வாரமே அனுப்புங்கள், தம்பி.